நல்ல கடிதமும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும்

(கல்வி உதவித்தொகை ஆலோசனைக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த ஆண்டு முதல் கல்வி உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு ஈமெயில் மூலம் தகவல் அனுப்பப்படும் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். அதைப் படித்த பெற்றோர் பலரும் அலுவலகத்துக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மெயில் வராமல் போய்விட்டால் பிள்ளையின் கதி என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் மெயில் பெரும்பாலும் வராமல் போவதில்லை. வந்து, நம் கண்ணில் படாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தின் பெயர் ஸ்பேம் பெட்டி. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவிக்குக் கல்லூரியிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதம் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. பணம் கட்டக் கடைசி நாள் முடிந்த பிறகே வீட்டார் அதைக் கண்டார்கள். கடிதம் அனுப்பியவர்கள் மேல் குற்றமில்லை. பெறவேண்டியவர்கள் மேலும் குற்றமில்லை. நடுவில் நின்ற ஒரு காவலாளி, நல்ல கடிதத்தைக் கெட்ட கடிதம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டான். அந்தக் காவலாளி எப்படி முடிவெடுக்கிறான், ஏன் தவறுகிறான், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

காவலாளி ஏன் வந்தான்?

கேட்காமலேயே வந்து குவியும் விளம்பர மெயிலையும் மோசடி மெயிலையும் ஸ்பேம் என்கிறார்கள். அது உண்மையில் டின்னில் அடைத்த ஓர் இறைச்சியின் பெயர். நமக்கு ஆகாத இறைச்சி. 1970-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் டிவி நகைச்சுவையில் ஓட்டல் ஒன்றில் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தி, மற்றவர்கள் பேச்சையே கேட்கவிடாமல் செய்வார்கள். வேண்டாத மெயிலும் அதே வேலையைச் செய்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி துயர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனை அதிகாரி, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தன் கம்பெனிப் பொருளைப் பற்றி ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலர் கோபப்பட்டார்கள். அதுதான் முதல் ஸ்பேம் என்று சொல்லப்படுகிறது. கடிதம் போட்டால் தபால் தலைக்காவது காசு வேண்டும். மெயிலுக்கு அந்தச் செலவும் இல்லை. லட்சம் பேருக்கு அனுப்பி நான்கு பேர் ஏமாந்தாலே மோசடிக்காரனுக்கு லாபம். ஆகவே காவலாளி இல்லாமல் இனி ஒரு நாளும் ஓடாது. அவனைக் குறை சொல்வதற்கு முன் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்க் போடும் முறை

ஆரம்ப காலத்தில் காவலாளிக்கு ஒரு பட்டியல் மட்டும்தான் இருந்தது. இந்தச் சொல் இருந்தால் தள்ளு, இந்த முகவரி என்றால் தள்ளு. அதனால் வந்த கூத்துகள் ஏராளம். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1996-ல் அந்த ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஊர்ப் பெயருக்கு நடுவே ஓர் ஆபாசச் சொல்லின் நான்கு எழுத்துகள் வரிசையாக வந்துவிடுகின்றன. இயந்திரத்துக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். அதேபோல, போலி மருந்து விற்பவர்கள் ஓயாமல் விளம்பரம் செய்த 'சியாலிஸ்' என்ற மாத்திரையின் பெயரைத் தடுத்தபோது, 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற சொல் இருந்த மெயில்களும் மாட்டிக்கொண்டன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த மாத்திரையின் பெயர் முழுதாக அதற்குள் இருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எழுதினாலும், ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தாலும் மெயில் போய்ச் சேராது.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று கண்டபின் மார்க் போடும் முறை வந்தது. ஜஸ்டின் மேசன் என்ற அயர்லாந்துக்காரர் 2001-ல் வெளியிட்ட 'ஸ்பாம் அசாசின்' என்ற இலவச மென்பொருள் இந்த முறைக்குப் பேர் போனது. பிறகு அப்பாச்சி என்ற அமைப்பின் கீழ் வந்து, உலகமெங்கும் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் மெயில் சேவை தருபவர்களிடமும் பரவியது.

அதில் நூற்றுக்கணக்கான விதிகள் உண்டு. எந்த ஒரு விதியும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் மார்க் போடும். சில விதிகள் மார்க்கைக் குறைக்கவும் செய்யும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அது ஸ்பேம். 4.9 என்றால் நல்ல மெயில். இந்த 5 என்பது மென்பொருளோடு வரும் எல்லை. நிர்வாகி விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு மதரஸா தன் ஆண்டு விழா அழைப்பை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விஷயம் எளிதாகப் புரிவதற்காக மார்க்கை நாமே போட்டுக்கொள்வோம். தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது: 1.2. உள்ளே எழுத்தே இல்லை, ஒரு போஸ்டர் படம் மட்டும்: 1.6. சுருக்கிய லிங்க் ஒன்று: 0.8. ஒரே மெயிலில் 200 பேருக்கு மறைமுகமாக அனுப்பியது: 0.9. கூட்டினால் 4.5. இதுவரை தப்பியாயிற்று. கீழே 'உடனே நன்கொடை அனுப்புங்கள்' என்று மூன்று ஆச்சரியக்குறி: 0.7. இப்போது 5.2. அழைப்பிதழ் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்டது.

இதில் எது குற்றம்? ஒன்றும் குற்றமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்லவர்களும் செய்வதுதான். மோசடிக்காரனும் இதே ஐந்தையும் செய்கிறான் என்பதால் சந்தேகம் கூடிக் கூடி எல்லையைத் தாண்டிவிட்டது. நம் அழைப்பிதழ் திருடனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனது போல.

2010 ஜனவரி முதல் தேதி

இந்த முறையின் பலவீனத்தை முழுதாகப் புரிந்துகொள்ள ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு மெயிலிலும் தேதி இருக்கும். ஸ்பேம் அனுப்புபவர்களில் சிலர் வேண்டுமென்றே வருங்காலத் தேதியைப் போடுவார்கள். தேதி வாரியாக அடுக்கும்போது அவர்களுடைய மெயில் எப்போதும் பட்டியலின் தலையில் நிற்கும் அல்லவா? இந்தத் தந்திரத்தைப் பிடிக்க ஸ்பாம் அசாசினில் ஒரு விதி எழுதினார்கள். ஆண்டு 20 என்று தொடங்கி, மூன்றாவது இலக்கம் 1 முதல் 9 வரை ஏதாவது ஒன்றாக இருந்தால் மார்க் போடு. அதாவது 2010 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கண்டாலும் சந்தேகப்படு.

விதி எழுதிய நாளில் 2010 தொலைவில் இருந்தது. நல்ல மெயில் எதிலும் அந்த ஆண்டு வராது. ஒவ்வொரு விதிக்கும் எத்தனை மார்க் என்பதை அங்கே யாரும் மனம் போன போக்கில் போடுவதில்லை. தன்னார்வலர்கள் தரம் பிரித்து வைத்திருக்கும் நல்ல மெயில், ஸ்பேம் இரண்டின் மேலும் எல்லா விதிகளையும் ஓட்டிப் பார்த்து, கணக்குப் போட்டுத்தான் மார்க்கை நிர்ணயிக்கிறார்கள். அந்தச் சோதனையில் இந்த விதி ஏறக்குறைய பழுதில்லாமல் தேறியிருக்கும். பிடிப்பதெல்லாம் ஸ்பேம், நல்லதைத் தொடுவதே இல்லை. ஆகவே தாராளமாக மார்க் கிடைத்தது. 5 என்ற எல்லையில் 3.6 வரை இந்த ஒரு விதியே போட்டுவிடும்.

2010 ஜனவரி 1 பிறந்தது. அன்று உலகில் அனுப்பப்பட்ட மெயில்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த ஆண்டு இருந்தது. 3.2.0 முதல் 3.2.5 வரையான பதிப்புகளை வைத்திருந்த இடங்களில் எல்லாம் நல்ல மெயில், கெட்ட மெயில் என்ற பேதமில்லாமல் அந்த மார்க் விழுந்தது. 3.6 மட்டும் என்றால் 5-ஐத் தொடாது. ஆனால் வாசலிலேயே 3.6 சுமையோடு நிற்கும் மெயிலுக்கு இன்னும் 1.4 போதும். மற்ற நாளில் 2 மார்க் வாங்கிச் சாதாரணமாக உள்ளே போகும் மெயில், அன்று வெளியே தள்ளப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இந்தப் பிழை முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்து வரவிருந்த பதிப்பில் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் கையில் ஓடிக்கொண்டிருந்த பதிப்புக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. ஜனவரி 1 அன்றுதான் அவசர அறிவிப்போடு வெளியிட்டார்கள். விதிகளை ஒழுங்காகப் புதுப்பிக்கும் நிர்வாகி இருந்த இடங்களில் விரைவில் சரியாயிற்று. மென்பொருளைப் போட்டுவிட்டு மறந்துபோன இடங்களில் நல்ல மெயில்கள் தொடர்ந்து தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன. திருத்திய விதி என்ன தெரியுமா? 2010-க்குப் பதிலாக 2020 முதல் சந்தேகப்படு என்று மாற்றினார்கள். தலைவலியைப் பத்து ஆண்டு தள்ளிப் போட்டது போலத்தான்.

நேற்று வரை ஒரு தவறும் செய்யாத விதி, இன்று காலை எல்லோரையும் குற்றவாளியாக்கிவிட்டது. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. காலம்தான் மாறியது.

இரண்டு பிழையும் ஒன்றல்ல

காவலாளி இரண்டு விதமாகத் தவறலாம். கெட்டதை உள்ளே விடலாம். நல்லதை வெளியே தள்ளலாம். இரண்டும் பிழைதான். ஆனால் எடை வேறு. கெட்ட மெயில் ஒன்று உள்ளே வந்தால் நாம் பார்த்து அழித்துவிடலாம், அரை நிமிட வேலை. நல்ல மெயில் ஒன்று தள்ளப்பட்டால் அப்படி ஒன்று வந்ததே நமக்குத் தெரியாது. தெரியாத இழப்புக்கு யாரிடம் முறையிடுவது?

இதை முதலில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் பால் கிரஹாம் என்ற அமெரிக்கர். 2002 ஆகஸ்டில் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. மனிதன் உட்கார்ந்து விதி எழுதுவதை விட்டுவிட்டு, எந்தச் சொல் ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது, நல்ல மெயிலில் எத்தனை முறை வருகிறது என்று இயந்திரமே எண்ணிக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். எண்ணிப் பார்த்தபோது, எந்த மனிதனும் நினைத்துப் பார்க்காத அடையாளங்கள் கிடைத்தன. எழுத்தைப் பளிச்சென்ற சிவப்பில் காட்டும் கணினிக் குறியீடு, ஆபாசச் சொற்களுக்குச் சமமான அடையாளமாக இருந்தது. அதைவிட முக்கியம், அவர் கணக்கில் செய்த ஒரு சாய்வு. நல்ல மெயிலில் வரும் சொல்லை ஒன்றுக்கு இரண்டாக எண்ணினார். சந்தேகத்தின் பலன் நல்ல மெயிலுக்குப் போகட்டும் என்பதற்காகவே அப்படி.

ஸ்பாம் அசாசினும் பிறகு இந்தக் கற்கும் முறையைச் சேர்த்துக்கொண்டது. அதிலும் ஒரு நிதானம் உண்டு. நல்ல மெயில் 200, ஸ்பேம் 200 என்று இரு தரப்பிலும் பார்த்து முடிக்கும் வரை அந்தப் பகுதி வாய் திறக்காது.

இவ்வளவு நிதானம் இருந்தும் பிழை முழுதாகப் போகாது. ஆயிரம் நல்ல மெயிலில் ஒன்றே ஒன்றுதான் தப்பாகத் தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், தினம் 20 நல்ல மெயில் வரும் ஒருவருக்கு 50 நாளில் ஒன்று காணாமல் போகும். அது விளம்பரமாக இருந்தால் பரவாயில்லை. நேர்முகத் தேர்வு அழைப்பாக இருந்தால்?

இன்று ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் இதைவிடச் சிக்கலான முறையில் இயங்குகின்றன. சொற்களை மட்டுமல்ல, அனுப்புபவரின் நற்பெயரையும் பார்க்கின்றன. அந்த முகவரியிலிருந்து அனுப்ப உரிமையுள்ள கம்ப்யூட்டர்தான் அனுப்பியதா, வழியில் யாரும் கை வைக்காத முத்திரை இருக்கிறதா என்று சோதிக்கின்றன. இந்த அத்தாட்சிகளுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று பெயர். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இவற்றைக் கண்டிப்பாக்கியது. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புபவர்கள் மீது, 'இது ஸ்பேம்' என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக்கூடாது என்றும் விதித்தது. ஆகவே வேண்டாத சுற்றறிக்கை வந்தால், சலிப்பில் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நீங்கள் கேட்டு வாங்கிய மெயில் என்றால், கீழே இருக்கும் விலகும் வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஒரு அழுத்தல், அதே இடத்திலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் அவசியமான மெயிலையும் பாதிக்கலாம்.

பெறுபவர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, ஏதாவது முடிவை எதிர்பார்த்திருக்கும் நாட்களில் தினம் ஒரு முறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். போனில் ஜிமெயிலின் மேல் மூலையில் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டால் பட்டியல் வரும், கீழே ஸ்பேம் இருக்கும். மற்ற நாட்களில் ஜும்ஆவுக்கு ஜும்ஆ பார்த்தால் போதும். ஜிமெயில் ஸ்பேமை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். பிறகு தேடியும் பயனில்லை.

இரண்டாவது, "தேடிப் பார்த்தோம், இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேம் பெட்டிக்குள் அது தேடாது. அந்தப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நல்ல மெயில் அங்கே கிடந்தால் படித்துவிட்டு அப்படியே விடாதீர்கள். 'ஸ்பேம் இல்லை' என்பதை அழுத்தி வெளியே எடுங்கள். அந்த முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். காவலாளிக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

நான்காவது, இதுதான் மிக முக்கியம். ஸ்பேம் பெட்டியில் இருப்பதில் பெரும்பகுதி உண்மையிலேயே கெட்டதுதான். வளைகுடாவில் வேலை தயார், விசா கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று வரும் கடிதம் அங்கேதான் இருக்கும். வாரிசில்லாமல் இறந்தவரின் கோடிக்கணக்கான பணம் உங்களுக்கு என்ற கடிதமும் அங்கேதான் இருக்கும். பார்க்கச் சொல்கிறோமே தவிர, நம்பச் சொல்லவில்லை. லிங்கைத் தொடாதீர்கள், இணைப்பைத் திறக்காதீர்கள். உண்மையோ என்று தோன்றினால், அந்த மெயிலில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, முன்பே உங்களுக்குத் தெரிந்த நம்பருக்குப் பேசிக் கேளுங்கள். நமது டிரஸ்ட் எந்த மெயிலிலும் கட்டணம் கேட்காது, ஓ.டி.பி. கேட்காது.

அனுப்புபவர்கள் செய்ய வேண்டியவை

மதரஸா, சங்கம், பள்ளிக்கூடம் நடத்தும் சகோதரர்களுக்கும் சில வார்த்தைகள். போஸ்டர் படத்தை மட்டும் அனுப்பாமல் விஷயத்தை எழுத்தாகவும் எழுதுங்கள். தலைப்பு அமைதியாக, விஷயத்தைச் சொல்வதாக இருக்கட்டும். சுருக்கிய லிங்க் வேண்டாம். ஆளுக்கொரு முகவரியிலிருந்து அனுப்பாமல் எப்போதும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புங்கள். உங்கள் மெயிலை அமைத்துக் கொடுத்த பையனிடம், முன்னே சொன்ன இரண்டு அத்தாட்சிகளும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பதில் வரவில்லை என்பதை விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ ஓர் இயந்திரம் 5.2 மார்க் போட்டதற்கு ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்பு பலியாகக் கூடாது. இயந்திரம் சந்தேகப்படலாம், அது அதன் வேலை. விசாரிக்காமல் பெயரை அடிப்பது மனிதர்களாகிய நம் கையில் இருக்கிறது, அதை நாம் செய்யாமல் இருக்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது. உதவித்தொகைக்குத் தேர்வான மாணவரிடமிருந்து ஏழு நாளில் பதில் வராவிட்டால் அலுவலகத்திலிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் மறுநாளும் வரும். அப்போதும் கிடைக்காவிட்டால் அந்த மஹல்லாவின் ஜமாஅத் மூலம் வீட்டுக்குத் தகவல் போகும். இவ்வளவும் முடியாமல் ஒருவர் பெயரும் பட்டியலிலிருந்து எடுக்கப்படாது.

விண்ணப்பத்தில் ஈமெயில் முகவரியோடு, வீட்டில் எப்போதும் எடுக்கும் ஒரு போன் நம்பரையும் தெளிவாக எழுதுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மாவின் நம்பரையோ மாமாவின் நம்பரையோ கொடுங்கள். போனில் ஸ்பேம் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். நமது கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து காட்டிக்கொடுப்பார்கள். முதல் கடிதங்கள் அடுத்த மாதம் புறப்படும், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.